சுவிட்ச் சோதனைக்கு எந்தத் திரான்சிஸ்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலத்திரனியல் பாடத்தில் திரான்சிஸ்டரின் குறியீட்டை அழகாக வரைந்து புள்ளி வாங்கிய பிள்ளைகள்தான் இதை அதிகம் கேட்பவர்கள். கடைக்குப் போய் "ஒரு திரான்சிஸ்டர் தாங்க" என்றால் கடைக்காரர் "என்ன நம்பர்?" என்பார். அதோடு கதை நின்றுவிடும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கைக்கு எட்டும் சாமான்களை மனதில் வைத்துக் கீழே பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாமே, சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை ஏற்றி அணைக்கும் சுவிட்சாகத் திரான்சிஸ்டரைப் பாவிக்கும், 12 வோல்ட்டுக்குள் நடக்கும் சோதனைகள்.

வளைக்காமல் ஒரு நம்பர் சொல்லுங்க. எதை வாங்க?

பிசி337. அது இல்லையென்றால் 2என்2222. இரண்டும் என்பிஎன் வகை, அதாவது சுமையின் மைனஸ் பக்கத்தை வெட்ட ஏற்றவை. ஒன்றிரண்டாக வாங்காமல் ஒரு கைப்பிடி வாங்குங்கள். பழகும் காலத்தில் சில கருகத்தான் செய்யும். கல்முனைக்கோ மட்டக்களப்பு ரவுனுக்கோ ஒன்றுக்காகத் திரும்பப் போகும் பஸ் காசு திரான்சிஸ்டரின் விலையை விட அதிகம்.

எல்லாரும் பிசி547 என்கிறார்களே?

நல்ல சாமான்தான். ஆனால் அதன் உச்ச மின்னோட்டம் 100 மில்லிஅம்பியர். ஒரு எல்இடிக்கு 20 மில்லிஅம்பியர் போதும் என்பதால் அங்கே தாராளம். 5 வோல்ட் சிறிய ரிலே (கம்பிச் சுருளின் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றின் சுருள் ஏறக்குறைய 70 ஓம்; அது 71 மில்லிஅம்பியர் இழுக்கும். ஓடும், ஆனால் விளிம்பில் ஓடும். அதே ரிலேயின் 12 வோல்ட் வகைக்குச் சுருள் 400 ஓம், 30 மில்லிஅம்பியர்தான். அதற்கு 547 போதும். விளையாட்டுக் கார் மோட்டரை மட்டும் அதில் மாட்ட வேண்டாம். சும்மா சுற்றும்போது கொஞ்சமாக இழுக்கும் மோட்டர், புறப்படும்போதும் சில்லு இறுகும்போதும் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும்.

பிசி337க்கு 45 வோல்ட், 500 முதல் 800 மில்லிஅம்பியர் வரை. தயாரிப்பாளரைப் பொறுத்து எண் மாறும். கால்களின் வரிசை 547இல் உள்ளது போலவேதான். ஆகவே 547 போட்ட எந்தச் சுவிட்ச் படத்திலும் 337ஐ அப்படியே செருகலாம்.

சரி, நம்பரை மனப்பாடம் செய்யாமல் நானே தெரிவு செய்வது எப்படி?

திரான்சிஸ்டரில் தொடங்காதீர்கள். சுமையில் தொடங்குங்கள். எதை இயக்கப் போகிறீர்கள், அது எத்தனை வோல்ட்டில் எவ்வளவு மின்னோட்டம் கேட்கிறது? கணினி விசிறியின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளிலேயே 12 வோல்ட், 0.15 அம்பியர் என்று எழுதியிருக்கும். எழுதாத சாமானுக்கு மீட்டரை அம்பியரில் வைத்து, பற்றரியோடு தொடராக இணைத்து அளந்து பாருங்கள். மோட்டரென்றால் அச்சை விரலால் ஒரு நொடி பிடித்து நிறுத்தியும் அளக்க வேண்டும். அந்தப் பெரிய எண்தான் உங்களுக்கு வேண்டியது.

கிடைத்த மின்னோட்டத்தைப் போல இரு மடங்கு தாங்கக்கூடியதையும், வழங்கும் வோல்ட்டைப் போல இரு மடங்கு தாங்கக்கூடியதையும் எடுங்கள். அப்புறம் உங்கள் பக்கம் எது அதை இயக்கப் போகிறது என்று பாருங்கள்: 5 வோல்ட் ஆர்டுயினோவா, 3.3 வோல்ட் இஎஸ்பி32ஆ (இரண்டும் நிரல் எழுதி இயக்கும் சிறு பலகைகள்), வெறும் பொத்தானா? இதற்கு மேல் தயாரிப்பாளரின் தரவுத் தாளில் இருக்கும் மற்ற வரிகளெல்லாம் ஒலிபெருக்கி செய்பவர்களுக்கும் வானொலி செய்பவர்களுக்கும் வேண்டியவை. எல்இடியை அணைத்து ஏற்றுபவருக்கு அதிர்வெண், இரைச்சல் எதுவும் தேவைப்படாது.

பேஸ் தடையியை எப்படிக் கணக்குப் போடுவது?

பேஸ்தான் திரான்சிஸ்டரைத் திறக்கும் கால்; சுமை மின்னோட்டம் கலெக்டரால் நுழைந்து எமிட்டரால் வெளியேறும். சுமை மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கைப் பேஸுக்குக் கொடுங்கள். பேஸ்–எமிட்டர் சந்தியில் 0.7 வோல்ட் விழும். மீதியைத் தடையி சுமக்கும்.

அந்தக் கணினி விசிறியையே எடுப்போம். 150 மில்லிஅம்பியர். பேஸுக்கு 15 மில்லிஅம்பியர் வேண்டும். ஆர்டுயினோ தருவது 5 வோல்ட், 0.7ஐக் கழித்தால் 4.3. அதை 0.015ஆல் வகுத்தால் 287 ஓம். கடையில் கிடைப்பது 270 அல்லது 330; எதைப் போட்டாலும் ஓடும். 12 வோல்ட் ரிலேக்கு 30 மில்லிஅம்பியர், பேஸுக்கு 3, ஆக 1433 ஓம். 1 கிலோஓம் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

கவனிக்க வேண்டிய எல்லை ஒன்று: ஆர்டுயினோ ஊனோவின் ஒரு கால் வசதியாகத் தரக்கூடியது 20 மில்லிஅம்பியர். பத்தில் ஒரு பங்கு அதைத் தாண்டினால், அதாவது சுமை 200 மில்லிஅம்பியருக்கு மேல் போனால், மொஸ்ஃபெட் (மின்னோட்டத்தால் அல்ல, வோல்ட்டால் திறக்கும் திரான்சிஸ்டர்) பக்கம் திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பெருக்கம் 200, 300 என்று தாளில் இருக்கிறதே. பிறகு ஏன் பத்து?

பெருக்கம் என்பது பேஸ் மின்னோட்டத்தைப் போல எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்ற எண். அந்த 300 ஒலிபெருக்கி வேலைக்கானது. திரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில், கலெக்டரில் பல வோல்ட் நிற்கும்போது அளந்தது. சுவிட்சாக முழுதாகத் திறந்து, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே 0.2 வோல்ட் மட்டும் மிஞ்ச வேண்டுமென்றால் அந்தப் பெருக்கம் சரிந்துவிடும். தயாரிப்பாளர்களே முழுத்திறப்பு வோல்ட்டைப் பெரும்பாலும் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் அளந்து தாளில் போடுகிறார்கள். போதாததற்கு, பிசி547 என்ற ஒரே பெயரில் பெருக்கம் 110இலிருந்து 800 வரை வரும். ஏ, பி, சி என்று கடைசி எழுத்தால் பிரித்திருப்பார்கள். பத்து என்று கணக்குப் போட்டால் எந்த எழுத்து கையில் கிடைத்தாலும் சுற்று ஓடும்.

சேர், எல்இடி எரியுது, ஆனா திரான்சிஸ்டரைத் தொட ஏலாது, அவ்வளவு சூடு. ஏன்?

பாதி திறந்து நிற்கிறது. 12 வோல்ட்டில் 100 மில்லிஅம்பியர் இழுக்கும் ஒரு சிறிய பல்பை நினையுங்கள்; அது 120 ஓம். திரான்சிஸ்டர் முழுதாகத் திறந்தால் அதன் மேல் 0.2 வோல்ட், 20 மில்லிவாட் வெப்பம், விரலுக்கே தெரியாது. பேஸுக்குப் போதாமல் பாதியில் நின்றால் அதன் மேல் 6 வோல்ட், 50 மில்லிஅம்பியர், 300 மில்லிவாட். அந்தச் சிறிய கறுப்பு உடலுக்கு ஒவ்வொரு வாட்டுக்கும் சுமார் 200 பாகை சூடு ஏறும். ஆக 60 பாகை ஏற்றம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மேசை ஏற்கெனவே 35இல் இருக்கும், கூட்டினால் 95. பெரிய திரான்சிஸ்டர் தேட வேண்டாம், பேஸ் தடையியைக் குறையுங்கள்.

கால்கள் எது எது?

தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடியுங்கள். இடமிருந்து வலமாக:

பிசி547, பிசி337: கலெக்டர், பேஸ், எமிட்டர்.
2என்3904, எஸ்8050: எமிட்டர், பேஸ், கலெக்டர்.
சி1815, சி945: எமிட்டர், கலெக்டர், பேஸ்.

2என்2222இல்தான் தலைவலி. பிளாஸ்டிக் உடலில் பிஎன்2222 என்று வருவது எமிட்டர், பேஸ், கலெக்டர். பி2என்2222 என்று வருவது அதற்கு நேர் எதிர்: கலெக்டர், பேஸ், எமிட்டர். முன்னால் இருக்கும் எழுத்தைப் பார்க்காமல் இணையப் படத்தை நம்பினால் தலைகீழாகத்தான் செருகுவீர்கள். தலைகீழாகச் செருகினால் அது சாகாமல் வேலை செய்வது போல நடிக்கும். எல்இடி மங்கலாக எரியும், பெருக்கம் மிகக் குறைந்திருக்கும். 12 வோல்ட்டிலோ நடிப்பும் இல்லை: பேஸ்–எமிட்டர் சந்தி பின்புறமாகத் தாங்குவது 6 வோல்ட் அளவுதான்.

அச்சு அழிந்துபோன ஒன்றை எப்படி அறிவது?

மீட்டரை டயோட் அடையாளத்தில் வையுங்கள். சிவப்பு முனையை ஒரு காலில் வைத்து, கறுப்பை மற்ற இரண்டிலும் மாறி மாறித் தொடுங்கள். இரண்டிலும் 0.6, 0.7 என்று காட்டினால் சிவப்பு இருப்பது பேஸ், சாமான் என்பிஎன். கறுப்பை ஒரே இடத்தில் வைத்துச் சிவப்பை நகர்த்தும்போது அப்படிக் காட்டினால் பிஎன்பி. இப்போது அந்த இரண்டு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். 0.668, 0.675 என்பது போலச் சின்ன வித்தியாசம் இருக்கும். சற்றுக் கூடியது எமிட்டர் பக்கம், குறைந்தது கலெக்டர் பக்கம். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே எந்தப் பக்கம் தொட்டாலும் எண் வரக்கூடாது. வந்தால் குப்பையில் போடுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் மீட்டரிலேயே பெருக்கம் அளக்கும் துளைகள் இருக்கும். சரியாகச் செருகினால் 200, 300. மாறிச் செருகினால் மிகச் சிறிய எண்.

12 வோல்ட் கொடுத்தும் மோட்டருக்கு 4.3 வோல்ட்தான் வருகிறது. திரான்சிஸ்டர் பழுதா?

இல்லை. மோட்டரை எமிட்டருக்குக் கீழே மாட்டியிருக்கிறீர்கள். எமிட்டர் எப்போதும் பேஸை விட 0.7 வோல்ட் கீழேதான் நிற்கும். பேஸில் 5 என்றால் எமிட்டரில் 4.3; மேலே 12 இருந்தாலும் 24 இருந்தாலும் அதே கதை. மோட்டரைப் பிளஸ்ஸுக்கும் கலெக்டருக்கும் இடையே போடுங்கள், எமிட்டரை நேராக மைனஸில் இறக்குங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் அசையவே இல்லை.

ஆர்டுயினோவின் மைனஸையும் 12 வோல்ட் வழங்கியின் மைனஸையும் ஒரு கம்பியால் சேர்த்தீர்களா? பெரும்பாலும் அதுதான்.

ரிலேக்கு டயோட் கட்டாயமா? இல்லாமலும் டக் என்று அடிக்கிறதே.

அடிக்கும், சில நாள். சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுக்கும். திரான்சிஸ்டர் மூடிய கணத்தில் சுருள் தன் வோல்ட்டை உயர்த்தி வழி தேடும். 12 வோல்ட் ரிலே நூற்றுக்கும் மேலே எகிறும். 45 வோல்ட் தாங்கும் சாமான் அதை வாங்கி வாங்கி ஒரு நாள் ஷோட் ஆகிவிடும், ரிலே ஒட்டிய மாதிரியே நிற்கும். 1என்4007 டயோட் (ஒரு பக்கமாக மட்டும் கடத்துவது) ஒன்றைச் சுருளின் இரு முனைக்குக் குறுக்கே போடுங்கள். வெள்ளிக் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் பிளஸ்ஸிலிருந்து டயோட், திரான்சிஸ்டர் வழியாக நேராக மைனஸுக்குப் பாய்ந்து இரண்டில் ஒன்றைக் கொண்டுபோய்விடும். மோட்டருக்கும் இதே விதி.

பழைய பலகைகளிலிருந்து கழற்றிப் பாவிக்கலாமா?

தாராளமாக. பழைய றேடியோ, கசெட், பெட்டி டிவி பலகைகளில் சி1815, சி945 கொட்டிக் கிடக்கும். முன்னால் இருக்க வேண்டிய '2எஸ்' என்பதை ஜப்பான்காரர்கள் அச்சில் விட்டுவிடுவார்கள். கணினியில் தேடும்போது நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏ1015 என்று இருந்தால் அது பிஎன்பி. டி882 கிடைத்தால் எடுத்து வையுங்கள்: 30 வோல்ட், 3 அம்பியர், சிறிய மோட்டருக்குத் தோதானது.

எரிந்துபோன சுருள் வடிவ சிஎஃப்எல் பல்புக்குள் இருக்கும் 13001, 13003ஐ மட்டும் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். 400 வோல்ட் தாங்கும் என்று பார்த்ததும் ஆசை வரும். அந்த உயர் வோல்ட்டுக்காகவே அவற்றின் பெருக்கத்தைப் பலி கொடுத்திருக்கிறார்கள். 13003க்கு அரை அம்பியரில் வெறும் 8இலிருந்து 40. கழற்றுமுன் பலகையில் உள்ள பெரிய கொள்ளளவியில் கரண்ட் மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடையில் டிப்120 தந்தார், 5 அம்பியர் தாங்குமாம். அது நல்லதுதானே?

பழைய பாடக்குறிப்புகளில் எங்கு பார்த்தாலும் அதுதான். உள்ளே இரண்டு திரான்சிஸ்டர் அடுக்காக இருப்பதால் கொஞ்சம் பேஸ் மின்னோட்டமே போதும், அது வசதி. ஆனால் முழுதாகத் திறந்தாலும் அதன் மேல் ஒரு வோல்ட் அளவு மிஞ்சும். 3 அம்பியரில் தாள் சொல்லும் உச்சம் 2 வோல்ட். 6 வோல்ட் மோட்டருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். கையில் இருந்தால் பாவியுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் நான் மொஸ்ஃபெட்டைத்தான் சொல்வேன்.

எந்த மொஸ்ஃபெட்?

5 வோல்ட்டில் இயக்க ஐஆர்எல்இசட்44என். பெயரில் உள்ள 'எல்' எழுத்தைத் தவற விடாதீர்கள். ஐஆர்எஃப்இசட்44என், ஐஆர்எஃப்540என் இரண்டும் பார்வைக்கு அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், கடைகளில் இன்வேட்டர் திருத்துவதற்காக எப்போதும் இருக்கும். அவை முழுதாகத் திறக்கக் கேட்டில் (பேஸுக்கு ஈடான காலில்) 10 வோல்ட் வேண்டும். "2 முதல் 4 வோல்ட்டில் திறக்கும் என்று தாளில் இருக்கிறதே" என்பீர்கள். அது 0.25 மில்லிஅம்பியர் கசியத் தொடங்கும் எல்லை. கதவு சற்று நீங்கியது, அவ்வளவுதான்.

3.3 வோல்ட் பலகைக்கு ஏஓ3400 என்ற பொடிச் சாமான் இருக்கிறது, 2.5 வோல்ட்டிலேயே அதன் தடையைத் தயாரிப்பாளர் உறுதி செய்திருக்கிறார். பற்றவைக்கக் கை நடுங்காமல் இருக்க வேண்டும்.

கேட்டிலிருந்து மைனஸுக்கு 10 கிலோஓம் ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் ஆர்டுயினோ விழிக்கும் முன்னர் கேட் அந்தரத்தில் தொங்கும். விரல் நெருங்கினாலே மோட்டர் துடிக்கும். இன்னொன்று: மொஸ்ஃபெட்டை எதிர்ப்பக்கமாக மாட்டினால் உள்ளே இருக்கும் டயோட் வழியாகச் சுமை எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்தவே முடியாது.

மேல் தண்ணித் தாங்கி நிரம்பினால் சத்தம் போட வைக்க வேண்டும். எந்தத் திரான்சிஸ்டர்?

பெருக்கம் உண்மையிலேயே முக்கியமாகும் இடம் இதுதான். 6 வோல்ட் பற்றரி, 30 மில்லிஅம்பியர் பஸர், இரண்டு கம்பிகள். கம்பிகளுக்கு இடையே உள்ள தண்ணீர்தான் பேஸ் தடையி. தண்ணீர் 20 கிலோஓம், காப்புக்காக 10 கிலோஓம் என்றால் பேஸுக்குப் போவது 0.18 மில்லிஅம்பியருக்குச் சற்றுக் குறைவு. பெருக்கம் 200 என்று வைத்தாலும் 35 மில்லிஅம்பியர்தான், விளிம்பு. பஸர் முனகும்.

வாவியோரத்துக் கிணறுகளில் தண்ணீர் உவர். உப்புள்ள தண்ணீர் நன்றாகக் கடத்தும், அங்கே ஒரே ஒரு திரான்சிஸ்டரில் சுற்று கணீரென்று அடிக்கும். அதே சுற்றை மாரியில் பிடித்த மழைத்தண்ணீர்த் தாங்கிக்குக் கொண்டுபோனால் ஊமையாகிவிடும். ஆகவே இரண்டு பிசி547சியை அடுக்குங்கள்: முதலாவதின் எமிட்டர் இரண்டாவதின் பேஸுக்கு, இரண்டு கலெக்டரும் ஒன்றாகப் பஸருக்கு. பெருக்கங்கள் ஒன்றையொன்று பெருக்கும். பேஸில் 0.7க்குப் பதில் 1.4 வோல்ட் செலவாகும், பஸருக்கு 0.8 வோல்ட் அளவு குறையும். 6 வோல்ட்டில் அது பொருட்டல்ல.

கம்பி சாதாரணச் செம்பாக இருந்தால் பிளஸ் பக்கத்துக் கம்பி பச்சை பூத்துக் கரையும். குடிக்கிற தண்ணீர் என்பதால் எவர்சில்வர்க் கம்பி போடுங்கள். தாங்கியின் வாய்க்கு அருகே, நிரம்பும்போது மட்டும் நனையும்படி வைத்தால் இன்னும் நல்லது.

கடற்கரைப் பக்கம் வீடு. வாங்கி வைத்த சாமான்களின் கால் கறுக்கிறது.

உப்புக் காற்று. கறுத்த கால் செருகும் பலகையில் சரியாகப் பிடிக்காது, சுற்று எரிந்து எரிந்து அணையும். நீங்கள் திரான்சிஸ்டரைச் சந்தேகிப்பீர்கள். பிளேட்டால் மெதுவாகச் சுரண்டுங்கள். மூடி இறுகும் டின்னில், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.

இதே திரான்சிஸ்டரால் வீட்டு பல்பை ஏற்றலாமா?

கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்சம் 325 வோல்ட். இங்கே வாங்கச் சொன்ன எதுவும் அதைத் தாங்காது. ரிலே வழியாகச் செய்யலாம்தான், ஆனால் அந்தப் பக்கத்து வயரிங்கைப் பிள்ளைகள் தொடக்கூடாது.

பிஎன்பி எப்போது வேண்டும்?

சுமையின் ஒரு முனை ஏற்கெனவே மைனஸில் பூட்டப்பட்டிருந்தால் மட்டும். அப்போது பிளஸ் பக்கத்தை வெட்ட வேண்டும். தொடங்குபவர் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிசி337இன் ஜோடி பிசி327.

ஆறேழு ரிலேயை ஒன்றாக இயக்க வேண்டும். ஆறேழு திரான்சிஸ்டரும் தடையியும் டயோடுமா?

வேண்டாம். யூஎல்என்2003 ஒன்று வாங்குங்கள். ஏழு அடுக்குத் திரான்சிஸ்டர், ஒவ்வொன்றும் 500 மில்லிஅம்பியர், 50 வோல்ட். பேஸ் தடையிகள் உள்ளேயே இருக்கின்றன, 5 வோல்ட்டை நேராகக் கொடுக்கலாம். ஏழையும் ஒரே நேரத்தில் 500இல் ஓட்டினால் வெந்துவிடும், சிறிய ரிலேகளுக்குப் பயமில்லை. டயோட்களும் உள்ளேயே உண்டு. 8ஆவது கால் மைனஸ். 9ஆவது காலை ரிலேகளின் பிளஸ்ஸோடு சேர்த்தால்தான் அந்த டயோட்கள் வேலை செய்யும்.